ஆஸ்பத்திரி கணினி முடங்கினால்: ஹிப்பா விதி கேட்கும் மூன்று திட்டங்கள்

அமெரிக்காவில் காப்பீட்டு பில்லை மின்வழியில் அனுப்பும் எந்த மருத்துவமனையும், ஒரே டாக்டர் நடத்தும் கிளினிக்கும்கூட, ஹிப்பா (நோயாளிகளின் தகவலைக் காக்கும் அமெரிக்கச் சட்டம்) பாதுகாப்பு விதிக்குக் கட்டுப்பட்டது. வெள்ளம், தீ, ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) என எது வந்தாலும் நோயாளியின் பதிவுகள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது அதன் 164.308-ஆம் பிரிவு. பேக்கப் எடுப்பது, இழந்ததை மீட்பது, கணினி இல்லாத நேரத்தில் வேலையை நடத்துவது ஆகிய மூன்றுக்கும் எழுத்தில் திட்டம் கட்டாயம்.

பலர் பேக்கப்போடு நின்றுவிடுகிறார்கள். அதுவும் சர்வருக்குப் பக்கத்திலேயே இருந்தால் வெள்ளத்தில் இரண்டும் சேர்ந்தே போகும். எந்நேரமும் நெட்வொர்க்கில் இணைந்திருந்தால் ரேன்சம்வேர் அதையும் பூட்டிவிடும். ஒரு பிரதியாவது வேறு ஊரில், இணைப்பில்லாமல் இருக்கட்டும். 2011 மே 22 அன்று மிசௌரியின் ஜாப்ளினில் சூறாவளி செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையைச் சிதைத்தது. மூன்று வாரம் முன்புதான் மின்பதிவுக்கு மாறியிருந்தார்கள். தரவு மையம் வேறு ஊரில் இருந்ததால் அந்தப் பதிவுகள் தப்பின.

இரண்டாவது திட்டமான மீட்பு வேலை செய்யுமா என்று அறிய, பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டுப் பாருங்கள். மருந்துப் பட்டியல், ஒவ்வாமைக் குறிப்பு, ஸ்கேன் படம் எல்லாம் திறக்க வேண்டும். பேக்கப்பைத் திறக்கும் குறியீடு, பழுதான சர்வரில் மட்டுமே இருந்தது என்பதெல்லாம் இப்படிப் பார்த்தால்தான் தெரியவரும்.

உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது மூன்றாவது திட்டம். திரை இருண்டுவிட்டது, நர்ஸ் இன்சுலின் போட வேண்டும். எத்தனை யூனிட்? இதற்காக வார்டுக்கு ஒரு கணினி ஜெனரேட்டர் லைனில் இருக்க வேண்டும், மருந்து விவரச் சுருக்கம் அதில் தானாகச் சேமிக்கப்பட்டுக்கொண்டே வர வேண்டும். பிரிண்டரை அதில் கேபிளால் நேரடியாக இணையுங்கள். நெட்வொர்க் பிரிண்டர் அந்நேரம் வேலைக்கு ஆகாது. மின்பதிவு மென்பொருளைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த அமெரிக்க அரசு வெளியிட்ட சேஃபர் கையேட்டின் 2016 பதிப்பு, குறைந்தது 8 மணி நேரத்துக்குப் போதுமான காகிதப் படிவங்களை இருப்பு வைக்கச் சொல்கிறது. கணினி திரும்பியதும் அந்தக் காகிதங்களை யார் ஏற்றுவது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். மருந்து கொடுத்த நேரத்தோடு ஏற்றாவிட்டால் அடுத்த ஷிப்டில் அதே டோஸ் மறுபடி போய்விடும்.

இந்தத் திட்டங்களின் ஒத்திகையும், எந்த மென்பொருளை முதலில் மீட்பது என்ற வரிசையும் விதிப்படி சூழலுக்கேற்ப மாற்றக்கூடியவை. ஆனால் சும்மா விட்டுவிட முடியாது: ஏன் பொருந்தவில்லை என்று எழுதி வைத்து, பொருத்தமான மாற்று இருந்தால் அதைச் செய்தாக வேண்டும். க்ளவுட் நிறுவனத்திடம் பதிவுகளைக் கொடுத்திருந்தாலும் உங்கள் பொறுப்பு நீங்காது. பதிவுகளைப் பாதுகாப்போம் என்று அவர்கள் உறுதி தரும் ஹிப்பா ஒப்பந்தம் வேண்டும். திட்ட ஆவணங்களை 6 ஆண்டு பாதுகாக்க வேண்டும். தொலைபேசி எண்களோடு ஓர் அச்சுப் பிரதியும் நர்ஸ் மேசையில் இருக்கட்டும்.