சோலார் பூங்கா திட்டம்: மின்சாரம் மலிவானது எப்படி, நிலம் கொடுத்தவருக்கு என்ன?

2010 கடைசியில் மத்திய அரசு நடத்திய ஏலத்தில் பேனல் வழிச் சூரிய மின்சாரத்துக்கு வந்த மிகக் குறைந்த விலையே யூனிட்டுக்கு 10 ரூபாய் 95 காசு. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லா சோலார் பூங்காவுக்கான ஏலத்தில் அது 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. பேனல் விலை சரிந்தது முக்கியக் காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. 2014 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற சோலார் பூங்கா திட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு.

ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய ஐந்து ஏக்கர் வேண்டும். 50 மெகாவாட் நிலையம் அமைக்க வரும் நிறுவனம் தானே 250 ஏக்கர் தேடி, பட்டா சிக்கல்களைத் தீர்த்து, சாலை போட்டு, மின்தடம் இழுக்க வேண்டியிருந்தால், அந்தச் செலவும் தாமதமும் யூனிட் விலையில்தான் ஏறும். பூங்காவில் இதையெல்லாம் ஒரே அமைப்பு முன்கூட்டியே செய்து, மனை பிரிப்பது போலப் பிரித்துக் கொடுக்கிறது. நிறுவனம் பேனலோடு வந்தால் போதும்.

இதற்கு மத்திய அரசு மெகாவாட்டுக்கு 20 லட்சம் ரூபாய் அல்லது செலவில் 30 சதவீதம், எது குறைவோ அதைத் தரும் என்பது விதி. அதில் 12 லட்சம் பூங்காவின் உள்கட்டமைப்புக்கு, 8 லட்சம் வெளியே செல்லும் மின்தடத்துக்கு. முதலில் 20,000 மெகாவாட்டாக இருந்த இலக்கு 2017-ல் 40,000 ஆனது.

எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் பராமரிப்பிலும் மிச்சம். பட்லா பாலைவனம். அங்கே பேனலில் படியும் புழுதியைத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கட்டுப்படியாகாது. தண்ணீரே இல்லாமல் தூரிகையால் துடைக்கும் ரோபோக்கள் அந்த வேலையைச் செய்கின்றன.

சரி, நிலம் யாருடையது? கர்நாடகத்தின் பாவகடா எனக்குப் பிடித்த உதாரணம். திரும்பத் திரும்ப வறட்சி தாக்கும் தும்கூரு மாவட்டத்து ஊர். அங்கே ஐந்து கிராமங்களில் சுமார் 13,000 ஏக்கரை அரசு விலைக்கு வாங்கவில்லை, 28 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீதம் உயர்வு. பட்டா விவசாயி பெயரிலேயே இருக்கிறது. 2,050 மெகாவாட் அப்படித்தான் எழுந்தது.

ஆனால் அந்த நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்களுக்கும், தரிசில் ஆடு மேய்த்தவர்களுக்கும் குத்தகையில் ஒரு பைசா பங்கில்லை. வேலை போனது அவர்களுக்குத்தான். பேனலைத் துடைப்பது, புல் வெட்டுவது, காவல் என்று கிடைக்கிற வேலையில் முதல் உரிமை அவர்களுக்கே என்று குத்தகை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் ஊரில் நிலம் கேட்டு வந்தால் நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: வாடகை எந்தத் தேதியில் வரும், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எவ்வளவு உயரும், குத்தகை முடிந்ததும் கம்பங்களையும் கான்கிரீட்டையும் யார் அகற்றுவார், நிலத்துக்குள் இருக்கும் கிணறும் பாதையும் என்னவாகும். பத்து ஏக்கருக்குள் வைத்திருப்பவருக்கு இந்தப் பூங்கா திட்டம் நேரடியாகப் பயன்படாது. அவர் பார்க்க வேண்டியது 2019-ல் வந்த பிஎம் குசும் திட்டத்தின் முதல் பிரிவு. துணை மின்நிலையத்துக்கு 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் தரிசில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை தாமே நிலையம் வைத்து, மின்வாரியத்துக்கு விற்க வழி செய்தது அது.