கன்னத்தில் படாத அறைக்கு எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பழைய படங்களில் கவுண்டமணி செந்திலை அறையும்போது நிஜமாகவே வலிக்குமா அங்கிள்? அவ்வளவு சத்தம் வருகிறதே!" அங்கிள் என்றதை மன்னித்துவிட்டேன். கேள்வி அருமையான கேள்வி, ஏனென்றால் அந்தச் சத்தத்துக்கும் அந்தக் கைக்கும் பெரும்பாலும் சம்பந்தமே கிடையாது. சினிமாவில் ஒரு அறை கேட்க வேண்டுமானால் அது கன்னத்தில் பட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அதன் பின்னால் எழுதுகிறவர், நடிகர்கள், ஸ்டண்ட் மாஸ்டர், ஒளிப்பதிவாளர், க்ளாப் அடிக்கும் உதவி இயக்குநர், எடிட்டர், ஓசைகளைப் பிறகு செய்து சேர்க்கும் ஃபோலிக் கலைஞர், மிக்ஸிங் இன்ஜினியர், கடைசியில் தியேட்டர் ஆபரேட்டர் என்று ஒரு ஊர்வலமே இருக்கிறது. கோடம்பாக்கத்தில் சினிமாத் தொழில் பிரிவுகளை 24 கிராஃப்ட் என்று சும்மாவா சொல்கிறார்கள்?

முதலில் கேமரா. நமக்கு இரண்டு கண்கள், கேமராவுக்கு ஒன்று. ஆழத்தை அளக்க மூளைக்குக் கிடைக்கும் முக்கியமான துப்பு, இரண்டு கண்களிலும் விழும் படங்களுக்கு இடையிலான சின்ன வித்தியாசம்தான். ஒற்றைக் கண் கேமராவில் அது போய்விடுகிறது. அதனால்தான் அறைகிறவரின் தோளுக்குப் பின்னால் கேமராவை வைத்து, இங்கே 'சஜஷன் ஷாட்' என்பார்களே, அப்படி எடுத்தால் கைக்கும் கன்னத்துக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருந்தாலும் தெரியாது. பக்கவாட்டில் வைத்தால் குட்டு உடைந்துவிடும். கேமரா எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. முகத்திலிருந்து ஒரு மீட்டரில் கேமரா இருந்தால், முகத்துக்கு 20 சென்டிமீட்டர் முன்னால் போகும் கை 25 சதவீதம் பெரிதாகத் தெரிந்து காட்டிக்கொடுக்கும். எட்டு மீட்டர் தள்ளி வைத்து லென்ஸால் இழுத்து எடுத்தால் அந்த வித்தியாசம் 2.5 சதவீதம்தான். எந்தக் கழுகுக் கண்ணுக்கும் அது சிக்காது.

இன்னொரு குறும்பும் இருக்கிறது. படம் ஓடுவது விநாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 அசையாப் படங்கள். அதிலும் கேமராவுக்குள் ஒளியை விட்டு மறைக்கும் ஷட்டர் வழக்கமாகப் பாதி நேரம்தான் திறந்திருக்கும், அதாவது ஒரு ஃப்ரேமுக்கு 48-இல் ஒரு பங்கு விநாடி. கை விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்திலேயே அது 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். மனித முகமே அவ்வளவு அகலம் இல்லை. ஆக, படத்தில் பதிவது கை இல்லை, கையின் தீற்றல். ஷட்டர் மூடியிருக்கும் மறுபாதியில் அது இன்னொரு 20 சென்டிமீட்டர் போகும். கை கன்னத்தில் 'பட்ட' கணம் எந்த ஃப்ரேமிலும் இல்லாமலேயே போகலாம். வாங்குகிறவர் சரியான நேரத்தில் தலையைத் திருப்பிவிட்டால் போதும் (அதை ஸ்டண்ட் மாஸ்டர் எண்ணிக்கை சொல்லிப் பழக்குவார்), தேவைப்பட்டால் எடிட்டர் நடுவில் ஒரு ஃப்ரேமையோ இரண்டையோ வெட்டி எறிந்துவிடுவார்.

சத்தம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஷூட்டிங் முடிந்து பல நாள் கழித்து, ஒரு இருட்டு ஸ்டுடியோவில். ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டுடியோவில் வேலை பார்த்த ஜாக் ஃபோலி என்பவரின் பெயரிலேயே இந்தத் தொழில் அழைக்கப்படுகிறது. பேசும் படங்கள் வந்த புதிதில், ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டே காலடி ஓசையையும் துணி உரசும் ஓசையையும் செய்து காட்டியவர். இன்றும் அதே முறைதான். குதிரைக் குளம்புக்குக் கொட்டாங்கச்சி, எலும்பு முறிவுக்கு செலரிக் கீரைத் தண்டு. அறைக்கு ஈரத்துணியை மேசையில் ஓங்கி அடிக்கலாம், தோலில் அடிக்கலாம், தன் தொடையிலேயே அடித்துக்கொள்ளலாம். அதையும் ஒற்றை ஒலியாக விடுவதில்லை: கனமான ஒரு 'டப்', அதன் மேல் கூர்மையான ஒரு 'சள்'. தமிழில் 'பளார்' என்றும் 'பொளேர்' என்றும் இரண்டு அறைகள் இருக்கின்றனவே, இந்த 'டப்', 'சள்' இரண்டில் எதைத் தூக்கிக் காட்டுவது என்று மிக்ஸிங் இன்ஜினியர் முடிவு செய்வது அந்த வித்தியாசத்தைத்தான். காமெடிப் படத்தில் 'பளார்' பக்கம் சாய்வார்கள். எலும்புவரை இறங்கும் 'பொளேர்' போட்டால் அரங்கம் சிரிக்காது, ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டும்.

இந்த ஏமாற்று வேலைக்கு வயது 400 வருடத்துக்கும் மேல். இத்தாலியில் 16-ஆம் நூற்றாண்டிலேயே தெருவிலும் மேடையிலும் முகமூடி நாடகம் போட்ட கோமாளிகள் ஒரு மட்டையை வைத்திருந்தார்கள். இரண்டு மரப்பட்டைகளை ஒரு முனையில் சேர்த்துக் கட்டி, நடுவில் இடைவெளி விட்ட மட்டை. லேசாகத் தட்டினாலே பட்டைகள் ஒன்றோடொன்று மோதி ஊருக்கே கேட்கும், வாங்குகிறவருக்கு ஒன்றும் ஆகாது. அதன் ஆங்கிலப் பெயர்தான் ஸ்லாப்ஸ்டிக். விழுந்து புரண்டு அடிவாங்கும் நகைச்சுவைக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எனக்குப் பிடித்த விஷயம் இனிமேல்தான். ஷூட்டிங்கில் 'டேக்' சொன்னதும் ஜூனியர் உதவி இயக்குநர் அடிப்பாரே க்ளாப் பலகை, அதுவும் கீல் போட்ட மரப்பட்டைகள் மோதும் அதே சமாச்சாரம். கோமாளியின் மட்டை, சத்தத்தை அடியிலிருந்து பிரிக்கிறது. க்ளாப் பலகையோ தனித்தனியாகப் பதிவான சத்தத்தையும் படத்தையும் பிறகு ஒட்டுவதற்கு ஓர் அடையாளம் வைக்கிறது: கட்டை சேரும் ஃப்ரேமும் 'டக்' ஒலியும் ஒரே புள்ளியில் நிற்க வேண்டும்.

சரி, அந்த ஒரே புள்ளி என்பது என்ன? இங்கேதான் நான் கொஞ்சம் உட்கார்ந்துவிடப் போகிறேன், அவசரம் உள்ளவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

ஆற்றின் அக்கரையில் ஒருவர் துணி துவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். துணி கல்லில் விழுவது தெரியும், சத்தம் அவர் கையை மறுபடி தூக்கும்போதுதான் வரும். ஒளி கணத்தில் வந்துவிடுகிறது, ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் என்று நடந்து வருகிறது. (இடி கேட்டதும் 'அர்ஜுனா, அர்ஜுனா' என்று சொல்லச் சொல்வார் என் பாட்டி. இடி காதில் விழுந்தது என்றாலே அந்த மின்னல் நம்மை விட்டுவிட்டது என்று அர்த்தம், அர்ஜுனன் எப்போதுமே தாமதமாகத்தான் வருகிறார் என்று சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன். மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் தூரம் என்று தெரியும். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுங்கள், பயமும் போகும்.)

இது பள்ளிக்கூடப் பாடம். பள்ளியில் சொல்லித்தராதது, தலைக்குள் போட்டி தலைகீழாக மாறிவிடுகிறது என்பது. காதின் உள்ளே மயிர்ச்செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் நுண்ணிய இழைகள் படிக்கட்டு போல உயர வரிசையில் நிற்கும். ஒரு இழையின் நுனியை அடுத்ததோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு நூல் கட்டியிருக்கும். ஒலி வந்து இழைகளைச் சாய்த்தால் அந்த நூல் இழுபட்டு, செல்லின் கதவு நேரடியாகத் திறக்கும். கயிற்றை இழுத்தால் மணி அடிப்பது போல, சுத்தமான இயந்திர வேலை. நடுவில் வேதியியல் தரகர்கள் யாரும் இல்லை. ஆகும் நேரம் ஒரு மில்லி விநாடியில் மிகச் சிறிய பங்கு.

கண் அப்படி இல்லை, கண் ஒரு அரசாங்க அலுவலகம். விழித்திரையில் ஒளி விழுந்ததும் ஒரு நிறமி மூலக்கூறு வடிவம் மாறும். அது ஒரு புரதத்தைத் தட்டி எழுப்பும், அது ஒரு நொதியை உசுப்பும், அந்த நொதி இன்னொரு வேதிப்பொருளைக் கரைத்துக் குறைக்கும், அது குறைந்ததும் செல்லின் கதவுகள் மூடிக்கொள்ளும். ஆமாம், மூடிக்கொள்ளும். வெளிச்சம் பட்டால் நம் கண்ணின் ஒளி உணரும் செல் 'ஆன்' ஆவதில்லை, 'ஆஃப்' ஆகிறது! முதன்முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். இந்த கோப்பு மேசை மேசையாக நகர்ந்து முடியப் பல பத்து மில்லி விநாடிகள் ஆகின்றன. அதனால்தான் பொத்தானை அழுத்தும் சோதனைகளில், விளக்கைப் பார்த்து அழுத்துவதைவிட மணியோசை கேட்டு அழுத்துவது 30, 40 மில்லி விநாடி சீக்கிரம் நடக்கிறது.

இப்போது கணக்கைக் கூட்டுங்கள். வெளியே ஒளி ஜெயிக்கிறது, உள்ளே ஒலி ஜெயிக்கிறது. 40 மில்லி விநாடியில் ஒலி சுமார் 14 மீட்டர் போகும். ஆக, நம்மிடமிருந்து பத்து, பதினைந்து மீட்டர் தூரத்தில் நடக்கும் சம்பவத்தின் காட்சியும் ஓசையும் மூளைக்கு ஏறக்குறைய ஒரே நேரத்தில் தயாராகின்றன. அதைவிட அருகில் என்றால் ஓசை முந்தும், தொலைவில் என்றால் காட்சி முந்தும். சினிமாவின் ஒரு ஃப்ரேம் எவ்வளவு நேரம்? 42 மில்லி விநாடி. அதே 14 மீட்டர்! இது தற்செயல்தான், யாரும் காதை அளந்து 24-ஐத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் நினைக்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது.

மூளை இந்தக் குளறுபடிகளையெல்லாம் சகித்துக்கொள்ளும். கொஞ்சம் முன்னே பின்னே வந்தாலும் 'இது இரண்டும் ஒரே சம்பவம்' என்று முடிச்சுப் போட்டுவிடும். 1998-இல் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்ட பரிந்துரையில் இந்தச் சகிப்பின் எல்லை இருக்கிறது: ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே கண்டுபிடித்துவிடுவோம், பிந்தினாலோ 125 வரை கண்டுகொள்ள மாட்டோம். ஏன் இந்த ஓரவஞ்சனை? துணி துவைக்கிற கல்லைப் போல, இயற்கையில் ஓசை பிந்தி வருவதைத்தான் வாழ்நாள் முழுக்கப் பார்க்கிறோம், அடிப்பதற்கு முன்னால் சத்தம் வருவதைப் பார்த்ததே இல்லை. அதனால் எடிட்டருக்குப் பின்பக்கம் கிட்டத்தட்ட மூன்று ஃப்ரேம் இடம் இருக்கிறது, முன்பக்கம் ஒன்றே ஒன்று.

முடிச்சுப் போட்டபின் நடப்பதுதான் இன்னும் வேடிக்கை. 1997-இல் நேச்சர் இதழில் வந்த ஒரு சோதனை: திரையில் இரண்டு வட்டங்கள் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று கடந்து போகின்றன. சத்தமில்லாமல் பார்த்தால் கடந்து போவதாகத்தான் பெரும்பாலும் தெரிகிறது. அவை சேரும் கணத்தில் ஒரு சின்ன 'டிக்' ஒலியைச் சேர்த்தால், பலருக்கு அவை மோதித் திரும்புவதாகத் தெரிகிறது. படம் அதே படம். ஒலி வந்து காட்சியையே மாற்றுகிறது! செந்திலின் கன்னத்தில் கை பட்டதை நான் 'என் கண்ணால் பார்த்தேன்' என்று சத்தியம் செய்வேனே, அது காதால் பார்த்தது. இம்மாதிரி ஆராய்ச்சிக்கு ஒரு கணினி, ஒரு ஹெட்ஃபோன், சும்மா இருக்கும் இருபது மாணவர்கள் போதும். கோடிகள் வேண்டாம். ஆனால் சிரிப்பையோ சினிமாவையோ ஆராய்கிறேன் என்று நிதி கேட்டால் நம் ஊரில் அதற்கே சிரிப்பார்கள் என்பது என் வயிற்றெரிச்சல்.

சில வருடம் முன்பு ஒரு தியேட்டரில் காமெடிப் படம் பார்த்தேன். முன்வரிசைகள் விழுந்து விழுந்து சிரிக்கின்றன, பின்வரிசையில் நாங்கள் உம்மென்று உட்கார்ந்திருக்கிறோம். ஒலி இரண்டு ஃப்ரேம் பிந்தியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். இரண்டு ஃப்ரேம் என்றால் 83 மில்லி விநாடி, முன்னால் இருப்பவர்களுக்கு அது சகிப்பு எல்லைக்குள். திரைக்குப் பின்னால் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருந்த எங்களுக்கு இன்னொரு 87 சேர்ந்து 170. அறை வேறு, சத்தம் வேறு என்று முடிச்சு அவிழ்ந்துவிட்டது. இடைவேளையில் ஆபரேட்டரிடம் போய்ச் சொன்னேன். புரொஜக்டருக்கு அன்று காலைதான் சூடம் காட்டி எலுமிச்சம்பழம் வைத்ததாகவும், மிஷினில் ஒரு குறையும் இருக்காது என்றும் சொன்னார். பழம் இருந்தது, பார்த்தேன். ஒலித் தாமதத்தை மாற்றும் அமைப்பு அதற்குப் பக்கத்திலேயே இருந்தது.

சிரிப்பு வந்தபிறகும் வேலை இருக்கிறது. அரங்கம் சிரிக்கும்போது அடுத்த வசனம் காதில் விழாது, எனவே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். ஹாலிவுட்டின் காமெடி நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்கள் 1935-இல் படத்தின் காட்சிகளை முதலில் ஊர் ஊராக மேடையில் நடித்துக்காட்டி, எங்கே எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் ஷூட்டிங் போனார்கள். நம் ஊரில் என்.எஸ். கிருஷ்ணன் முதல் கிரேஸி மோகன் வரை நகைச்சுவையில் பேர் வாங்கிய பலர் மேடை நாடகத்திலிருந்து வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்த இடைவெளி அவர்கள் உடம்பிலேயே ஊறியிருந்தது. வீட்டில் தனியாக மொபைலில் பார்க்கும்போது அதே இடைவெளி ஏன் தொய்வாகத் தெரிகிறது என்று இப்போது புரியும். பிறரோடு இருக்கும்போது மனிதர்கள் தனியாக இருப்பதைவிட 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று ராபர்ட் ப்ரோவைன் என்ற ஆய்வாளர் 1980-களிலேயே கணக்குக் காட்டியிருக்கிறார்.

வாசகியின் கேள்விக்கு வருகிறேன். வலிக்குமா? வலிக்கும் கண்ணு. சரியான 'பளார்' கிடைக்கும்வரை இருட்டு ஸ்டுடியோவில் அடித்துக்கொண்டே இருக்கிறாரே ஒருவர், அவர் தொடைக்கு.