பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ரிம்மும் டயரும்: காசை எதில் போடுவது?

பிரிட்டனின் எம்ஜிபி மாதிரி ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் கைக்கு வந்ததும் பலர் முதலில் மாற்றுவது சக்கரத்தைத்தான். 15 அங்குல அலாய், அகலமான டயர் என்று போட்டுவிட்டால் நிற்கும்போது எடுப்பாகத்தான் இருக்கும். மேட்டுப்பாளையம் தாண்டிக் கோத்தகிரி மலைப்பாதையில் ஏற்றினால் தெரியும்: பவர் ஸ்டீயரிங் இல்லாத காரில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவும் கையைக் கழற்றும், சின்னப் பள்ளம்கூடச் சேசிஸ் வரை அதிரும். பணம் அளவாக இருந்தால் கம்பெனி இரும்பு ரிம்மையே சீர்படுத்திக்கொண்டு, மிச்சத்தை முழுக்க டயரில் போடுங்கள்.

காரணம் டயரின் பக்கச்சுவரில் இருக்கிறது. வளைவில் சக்கரம் பார்க்கும் திசைக்கும் கார் உண்மையில் போகும் திசைக்கும் சில டிகிரி வித்தியாசம் விழும். அந்தத் திருகலில்தான் டயருக்குப் பிடிமானம் பிறக்கிறது. பக்கச்சுவர் உயரமாக இருந்தால் திருகல் மெல்ல மெல்லக் கூடும். பிடி விடப்போவது ஸ்டீயரிங்கிலேயே முன்கூட்டித் தெரியும். சுவர் குட்டையான டயர் இன்னும் இறுக்கிப் பிடிக்கும், ஆனால் விடும்போது சட்டென்று விடும். அது தாங்காத அதிர்ச்சியெல்லாம் புஷ், கிங்பின், பேரிங் என்று சக்கரத்தைத் தாங்கும் பாகங்களுக்குப் போய்ச் சேரும். 1960களின் சஸ்பென்ஷன் உயரமான சுவரை வைத்துக் கணக்குப் போட்டது.

எம்ஜிபிக்கு 14 அங்குல ரிம். நம்மூரில் இது பெரிய வசதி, ஏனென்றால் ஸ்விஃப்ட், டிசையர் பழைய மாடல்களில் வந்த 165/80 ஆர்14 டயர் அதற்குப் பொருந்தும். கணக்கு இது: அகலம் 165 மி.மீ., அதில் 80 சதவீதம் 132 மி.மீ. பக்கச்சுவர். மேலும் கீழும் சேர்த்து 264, ரிம்முக்கு 355.6, ஆக மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ. விலை கம்மி என்று 175/65 ஆர்14 போட்டால் விட்டம் 583 ஆகிவிடும். கார் 18 மி.மீ. தாழும், வேகத்தடையில் சைலன்சர் உரசும். 620-க்கு ஏற்ற ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 94-தான் போவீர்கள், எஞ்சினும் அந்த அளவுக்குக் கூடுதலாகச் சுழலும்.

டயரின் பக்கச்சுவரில் 85டி என்று இருந்தால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 190 கி.மீ. வேகம் வரை போகலாம். ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள இந்தக் காருக்கு அது தாராளம். அதைவிட முக்கியம், ஓவல் கட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கம். 2324 என்றால் டயர் தயாரானது 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம். சலுகை விலையில் தரும் டயரில் இதைப் பார்க்காமல் காசை நீட்டாதீர்கள். ரப்பர் ஓடாமலே கெட்டியாகும். பட்டன் (தரையில் படும் மேல்வெட்டு) நன்றாக இருந்தாலும் ஈரச் சாலையில் வழுக்கும்.

இனி ரிம். கோவை உக்கடம் பழைய சாமான் கடைகளில் வாங்குவதென்றால் டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். நான்கு ஓட்டை ரிம்மில் ஒரு ஓட்டையின் உள்விளிம்பிலிருந்து எதிர் ஓட்டையின் வெளிவிளிம்பு வரை அளந்தால் அதுதான் பிசிடி, அதாவது நட்டு ஓட்டைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம். எம்ஜிபிக்கு 114.3 மி.மீ., ட்ரையம்ஃப் ஹெரால்டுக்கு 95.25, ஃபியட் 124 ஸ்பைடருக்கு 98. இன்றைய பல சின்னக் கார்களுக்கு 100. 98-இல் 100 ரிம்மை மாட்டினால் ஒவ்வொரு ஓட்டையும் 1 மி.மீ. தள்ளி நிற்கும். ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் ஏறிவிடும், ஆபத்தும் அதுதான். நட்டின் கூம்பு முழுசாக உட்காராது, ஓட ஓடத் தளரும். மாருதி 800-க்கும் 114.3 என்று ஆசைப்பட வேண்டாம், அது 12 அங்குல ரிம். எம்ஜிபியின் முன் டிஸ்க் பிரேக்குக்கு இடம் பற்றாது.

பிசிடி ஒத்துப்போனாலும் ஆஃப்செட் பார்க்க வேண்டும், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் உட்காரும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. முன்சக்கர இழுவைக் கார்களின் ரிம் ஆஃப்செட் அதிகம். பழைய காரில் மாட்டினால் சக்கரம் உள்ளே போய் சஸ்பென்ஷனில் தட்டும். ஸ்பேசர் என்ற இடைத்தட்டு வைத்து வெளியே தள்ளினால் நட்டு பிடிக்கும் மரை குறையும். நட்டு ஏறும் போல்ட்டான ஸ்டட் 12 மி.மீ. என்றால் குறைந்தது 12 மி.மீ. மரை நட்டுக்குள் இருக்க வேண்டும். கணபதியிலும் பீளமேட்டிலும் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ரிம்மின் நடு ஓட்டை பெரிதாக இருந்தால் அதற்கு அலுமினிய வளையம் கடைந்து வாங்குங்கள், தப்பில்லை. ஸ்டட்டை மட்டும் கடைந்து வாங்கவே வேண்டாம். கம்பெனி ஸ்டட்டில் மரை உருட்டி எடுத்தது, வெட்டி எடுத்ததல்ல. வெட்டிய மரையின் அடியில் விரிசல் சீக்கிரம் தொடங்கும்.

பழைய இரும்பு ரிம்மை முதலில் மணல் அடித்துப் பெயிண்டை எடுங்கள். நட்டு ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசலோ, ஓட்டை முட்டை வடிவமாகத் தேய்ந்திருப்பதோ தெரிந்தால் எடைக்குப் போட்டுவிடலாம், வெல்டிங் வேண்டாம். ரிம்மைச் சுழற்றி, முள் காட்டும் டயல் கேஜில் பார்க்கும்போது ஆட்டம் 1.5 மி.மீ.க்கு மேல் இருந்தால் நெளிவு எடுக்க வேண்டும். பவுடர் கோட்டிங் கொடுக்கும்போது நட்டு உட்காரும் கூம்பை டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். அங்கே பூச்சு இருந்தால் சூட்டில் நசுங்கி, இறுக்கம் போய்விடும்.

விளிம்புக்குள் மேடு இல்லாத பழைய ரிம்முக்கும் ஆரக்கம்பி சக்கரத்துக்கும் ட்யூப் கட்டாயம். மேடு இல்லாவிட்டால் காற்று குறைந்த டயர் வளைவில் கழன்றுகொள்ளும், கம்பிச் சக்கரத்தில் கம்பியை இறுக்கும் நிப்பிள் வழியே காற்று கசியும். டயரின் உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பிய்த்தெடுத்து, பவுடர் தூவியே ட்யூப் போட வேண்டும், இல்லையென்றால் உரசியே ஓட்டையாகும்.

காற்று விஷயத்தில் கடைக்காரர் வழக்கமாக வைக்கும் 32 பி.எஸ்.ஐ. இந்தக் காருக்கு மிக அதிகம். எடை டயரின் நடுப்பகுதியில்தான் அதிகம் விழும். எம்ஜிபிக்கு 20-களின் தொடக்கத்திலேயே இருக்கும், கையேட்டில் உள்ள அளவை விடிகாலையில், ஓட்டும் முன்பு வையுங்கள். சித்திரை வெயிலில் கரூர் வரை ஓடிவிட்டுப் பார்த்தால் மூன்று நான்கு ஏறியிருக்கும், அதை இறக்கக் கூடாது.

புதிதாக மாட்டிய சக்கரத்தின் நட்டுகளை 80 கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) மறுபடி ஒருமுறை இறுக்குங்கள்.