ரீகால்: திரும்பப் பெறுதலா, மீட்பா, தடையா?

ஊசிமருந்து ஒன்றில் தரக்குறைபாடு இருப்பது தெரியவந்ததும், அதைத் தயாரித்த நிறுவனம் மருத்துவமனைகளிலும் மருந்தகங்களிலும் இருக்கும் குப்பிகளைத் தன்னிடமே வரவழைத்துக்கொள்ளும் நடவடிக்கைக்கு ஆங்கிலத்தில் ரீகால் என்று பெயர். தமிழில் இதைத் ‘திரும்பப் பெறுதல்’ என்றும் ‘மீளப்பெறல்’ என்றும் எழுதுகிறோம். அவசரத்தில் ‘தடை’ என்று எழுதிவிடுவதும் உண்டு. முதல் இரண்டும் பொருந்தும், மூன்றாவது பிழை.

‘ரீ’ என்பது மறுபடியும், பின்னோக்கி என்னும் பொருள்தரும் இலத்தீன் முன்னொட்டு. ‘கால்’ என்பது உரக்க அழைப்பதைக் குறித்த ‘கல்லா’ என்னும் பழைய நார்ஸ் சொல்லிலிருந்து வந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் இணைந்த இச்சொல், முதலில் ஆட்களைத் திருப்பி அழைப்பதையே குறித்தது. நினைவுகூர்தல் என்னும் பொருளும், மிகப் பின்னர் விற்ற சரக்கைத் திரும்பப் பெறுதல் என்னும் பொருளும் அதிலிருந்து கிளைத்தன. எனவே ‘திருப்பி அழைத்தல்’ என்னும் நேர்மொழிபெயர்ப்பு தூதருக்கும் மக்கள் பிரதிநிதிக்கும் பொருந்துமேயன்றி, காதில்லாத குப்பிக்குப் பொருந்தாது.

‘மீள்’ தன்வினை, ‘மீட்டல்’ அதன் பிறவினை. அந்த வகையில் ‘மீட்பு’ இலக்கணத்துக்கு ஒத்துவந்தாலும், அடகிலிருந்தோ ஆபத்திலிருந்தோ ஒன்றை விடுவிப்பது என்னும் பொருள் அதில் ஊறிப்போயிருக்கிறது. மருந்தகத்தில் இருக்கும் மருந்து ஆபத்தில் சிக்கியிருக்கவில்லை, அதுவே ஆபத்தாக இருக்கக்கூடும். ஆகவே ‘மீட்பு’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும்.

‘தடை’ ஏன் பிழை என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தடை என்பது ஒரு மருந்தையே விற்கக்கூடாது, பயன்படுத்தக்கூடாது என்னும் அரசாணை. ரீகாலோ பெரும்பாலும் நிறுவனமே முன்வந்து செய்வது. அதுவும் ஒரே சமயத்தில் தயாரான குறிப்பிட்ட தொகுதிகளுக்கு, அதாவது பேட்ச்களுக்கு உரியது. அதே மருந்தின் வேறு தொகுதிகள் குறையின்றி விற்பனையில் இருக்கலாம். ஆகவே தொகுதி எண்ணைச் சொல்லாமல் மருந்தின் பெயரை மட்டும் சொல்லும் செய்தி, நோயாளிகளைத் தேவையில்லாமல் கலங்கவைத்துவிடும்.

‘ஊசி’ என்னும் சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. பேச்சுவழக்கில் அது துளைக்கும் கருவியையும் உள்ளே செல்லும் மருந்தையும் ஒருங்கே குறிப்பதால், ‘ஊசி திரும்பப் பெறப்பட்டது’ என்றால் எது என்று விளங்காது. ‘ஊசிமருந்து’ என்றே எழுதலாம். அது அடைக்கப்பட்ட கலத்தின் ஆங்கிலப் பெயரையும் ‘வயல்’ என்று எழுதி நெல் விளையவைக்க வேண்டாம்; ‘குப்பி’ போதும்.

தரக்குறைபாடு பக்கவிளைவு அன்று. பக்கவிளைவு முறைப்படி தயாரான மருந்தாலும் நேரலாம். தரக்குறைபாடு தயாரிப்பிலோ அடைப்பிலோ நேர்ந்த பிழை. ஊசிமருந்து தோலையும் குடலையும் கடந்து நேரே உடலுக்குள் செல்வதால், அதில் கண்ணாடித் துகளோ கிருமியோ கலந்திருந்தால் தடுக்க இடையில் எதுவுமில்லை. அறிவிப்புகளில் அடிக்கடி வரும் ‘கிருமிநீக்க உறுதியின்மை’ என்னும் தொடரைக் கவனமாகப் படிக்க வேண்டும். கிருமி காணப்பட்டது என்று அது சொல்லவில்லை. கிருமி இல்லை என்று உறுதிகூற முடியவில்லை என்றே சொல்கிறது. பரிசோதனைக்காகத் திறந்த குப்பியை நோயாளிக்குத் தர இயலாதாகையால் சில மாதிரிகளை மட்டுமே சோதிக்க முடியும். எஞ்சியவற்றுக்குத் தயாரிப்பு முறையின் ஒழுங்கே சான்று.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ரீகால்களை மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறது. கடும் தீங்கோ மரணமோ நேரக்கூடும் என்பது முதல் வகுப்பு. எண் கூடக்கூட ஆபத்து குறையும்.

‘பெறுதல்’ என்பதற்குக் கொடுப்பவர் ஒருவர் வேண்டும். செலுத்தப்பட்டுவிட்ட மருந்தை யாரும் கொடுக்க முடியாது. 2012இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தயாரான ஒரு ஸ்டீராய்டு ஊசிமருந்தின் மூன்று தொகுதிகளில் பூஞ்சை கலந்திருந்தது. அவை செப்டம்பர் மாதம் திரும்பப் பெறப்பட்டபோது, அம்மருந்து ஏறத்தாழ 14,000 பேருக்குச் செலுத்தப்பட்டிருக்கக்கூடும் என்று கணக்கிடப்பட்டது. மூளையுறை அழற்சி உள்ளிட்ட தொற்றுகளால் 750க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கே குப்பிகளைத் திரும்பப் பெற்றது மட்டும் போதவில்லை. ஊசி போட்டுக்கொண்டவர்களையும் தேடிக் கண்டுபிடித்துத் தகவல் சொல்ல வேண்டியிருந்தது.