பாத்தி வாயை எப்போது கட்டுவது? இஞ்சின் மாற்றப் போகும் தம்பிக்கு

இணுவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அவரிடம் தொண்ணூறுகளில் வந்த ஹொண்டா சிவிக் ஒன்று, 1.5 லீற்றர், இஞ்சின் ஒயில் குடிக்கத் தொடங்கிவிட்டது. ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் தன்னுடைய பழைய கமாரோவுக்கு மரப்பெட்டியில் வருகிற புத்தம்புது இஞ்சின் இறக்குகிறாராம். 430 குதிரைவலுவா 525ஆ என்று வந்தபோது யோசிக்காமல் 525ஐ எடுத்துவிட்டாராம். "அண்ணை, நானும் குதிரைவலு கூடினதாகத்தானே பார்க்க வேணும்?"

அப்படி இல்லை. ஏன் என்பதற்கு மச்சானின் பெட்டியையே திறந்து பார்க்கலாம். செவர்லேயின் எல்எஸ்3 இஞ்சின், 6.2 லீற்றர், 430 குதிரைவலு. அதே பிளாக், அதே கொள்ளளவு, பிரதான வித்தியாசம் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டான கேம்ஷாப்ட் மட்டும்தான், அது 525 குதிரைவலு. ஒரு இரும்புத் தண்டை மாற்றினால் 95 குதிரை எங்கிருந்து வருகிறது? சும்மா வரவில்லை. முறுக்குவிசையின், அதாவது இஞ்சின் தண்டைத் திருகும் விசையின், உச்சம் நிமிடத்துக்கு 4600 சுற்றில் இருந்து 5200க்கு ஏறிவிடுகிறது. வலு என்பது முறுக்குவிசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கி வருவது. ஆகவே உச்சத்தை மேலே தள்ளினால் குதிரைவலு கூடும். ஆனால் அந்தக் குதிரைகளைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்களும் அந்தச் சுற்றுக்குப் போயாக வேண்டும்.

நான்கு அடிப்பு இஞ்சின் உங்களுக்குத் தெரியும்: உறிஞ்சு, அமுக்கு, எரி, வெளியே தள்ளு. பாடப்புத்தகப் படத்தில் பிஸ்டன் கீழே வந்து முடிந்ததும் உள்ளெடுக்கும் வால்வு டப்பென்று மூடிவிடும். உண்மையான இஞ்சினில் அது அப்போது மூடுவதில்லை. பிஸ்டன் அடியில் போய்த் திரும்பி மேலே ஏறத் தொடங்கிய பிறகும், பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் இன்னும் 40, 50, சிலவற்றில் 60 பாகைக்கு மேல் சுற்றும்வரை திறந்தபடியே இருக்கிறது. முதல்முதல் இதைக் கேள்விப்பட்டபோது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. பிஸ்டன் மேலே வந்தால் உள்ளே போன காற்றெல்லாம் திரும்பி வெளியே வந்துவிடாதா?

தோட்டத்தில் தண்ணி மாறியவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். மெசின் இறைக்கிறது, வாய்க்காலில் தண்ணீர் வேகமாக ஓடி வருகிறது, வெங்காயப் பாத்தி நிரம்புகிறது. வரத்து வேகமாக இருந்தால், பாத்தியில் நீர்மட்டம் வாய்க்கால் அளவுக்கு வந்த பிறகும் ஓடி வந்த தண்ணீர் தன் வேகத்திலேயே இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி ஏறும். அந்த ஏற்றம் முடிகிற கணத்தில் மண்வெட்டியால் ஒரு கொத்து மண்ணை வெட்டி வாயைக் கட்டினால் பாத்தி நிறைய நிற்கும். மெசின் மூச்சு வாங்கி வரத்துக் குறைந்த நேரத்திலும் அதே அளவு பிந்திக் கட்டினீர்களோ, பாத்தியில் நின்ற தண்ணீர் திரும்ப வாய்க்காலுக்கே வந்துவிடும்.

காற்றுக்கும் எடை இருக்கிறது, சடத்துவம் இருக்கிறது. 400 கன சென்ரிமீற்றர் சிலிண்டர் ஒன்றுக்குள் ஒரு தடவை போகும் காற்று ஏறக்குறைய அரைக் கிராம், ஒரு சிட்டிகை உப்பு. 6000 சுற்றில் பிஸ்டன் மேலிருந்து கீழே வர 5 மில்லிசெக்கன்தான். அதற்குள் அந்தச் சிட்டிகை குழாய்க்குள் செக்கனுக்கு 100 மீற்றருக்குக் கிட்ட ஓடி வருகிறது. யாழ்தேவி கனவிலும் காணாத வேகம். அப்படி வருவதைப் பிஸ்டன் திரும்பியவுடன் "நில்" என்றால் நிற்குமா? ஒன்றன்மேல் ஒன்றாக வந்து இடித்து நெருக்குகிறது, வால்வுக்கு முன்னால் அமுக்கம் ஏறுகிறது, பிஸ்டன் எதிர்த்து வந்தாலும் காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. காற்றை அமுக்கி ஏற்றும் ரேர்போ இல்லை, ஒன்றும் இல்லை, தன் சடத்துவத்தாலேயே இஞ்சின் தன்னை நிரப்பிக்கொள்கிறது. எனக்கு இஞ்சினில் இதைவிட அழகான இடம் வேறு கிடையாது.

அதே வால்வு, அதே 60 பாகை, இப்போது 1500 சுற்று என்று வைப்போம். காற்று ஆறுதலாக வருகிறது, உந்தம் இல்லை, பிஸ்டன் மேலே வந்து உள்ளே எடுத்ததில் ஒரு பங்கைத் திருப்பித் துப்பிவிடுகிறது. கீழே இழுவை போய்விட்டது. பாத்தி வாயை எந்த வேகத்துக்கு ஏற்றபடி கட்டுவது என்பதைக் கேம்ஷாப்ட் தொழிற்சாலையிலேயே தீர்மானித்துவிடுகிறது, ஓட்டுபவர் அதை மாற்ற முடியாது.

ஆனால் ஹொண்டா மாற்றிக் காட்டியது. 1989இல் இன்டெக்ராவில் வந்த பி16ஏ இஞ்சினின் விடெக் என்பது இதுதான்: ஒரே தண்டில் வால்வைத் தள்ளும் முட்டுகள், சாதுவானது, மூர்க்கமானது என இரண்டு விதம். சுற்று 5000ஐத் தாண்டிப் போனதும் ஒயில் அமுக்கம் ஒரு சின்ன ஊசியைத் தள்ளி, முட்டுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் ரொக்கர்களைப் பூட்ட, வால்வு மூர்க்கமான முட்டின் பேச்சைக் கேட்கத் தொடங்கும். 1.6 லீற்றரில் 160 குதிரைவலு. சரி, தம்பி ஆசைப்படுவதும் இதற்குத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த 160 கிடைப்பது 7600 சுற்றில். அந்த கியர்பொக்ஸில் இரண்டாவது கியரில் 7600 போனால் மணிக்கு 90 கிலோமீற்றரைத் தொடும், ஏ9 வீதியில் காருக்கு அனுமதி 70. அதாவது இஞ்சினின் நல்ல பக்கத்தை ஒரு தடவை பார்ப்பதற்கே நீங்கள் பொலிஸ்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். கொக்குவில் சந்தியில் பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் நடுவில் நிற்கும்போது உங்களிடம் இருப்பது வெறும் 1.6 லீற்றர் இஞ்சின்.

அதே குடும்பத்தில் பி20பி என்று ஒன்று இருக்கிறது, முதல் தலைமுறை சிஆர்வியில் வந்தது, 2 லீற்றர், விடெக் இல்லை, ஆரம்பத்தில் 130 குதிரைவலு. கேட்க ஏழையாகத் தெரியும். முறுக்குவிசையைப் பாருங்கள்: பி16ஏ 7000 சுற்றில் 152 நியூட்டன் மீற்றர், இது 4200இலேயே 186. கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போனால் நான் இதைத்தான் கேட்பேன். எது எடுத்தாலும் மவுண்ட், அச்சு, வயரிங், இஞ்சின் கொம்பியூட்டர் எல்லாம் சேர்த்துப் பேசி வாங்குங்கள். வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் இஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றும் வேலையையும் அப்போதே தொடங்குங்கள்.

எங்கள் பெரியப்பாவின் ஏ40 ஒஸ்டினில் நாற்பது சொச்சம் குதிரைதான். பொருளாதாரத் தடைக் காலத்தில் அது மண்ணெண்ணெயில் ஓடியது. சின்னப் போத்தலில் பெற்றோலைக் கொண்டுவந்து கார்புரேட்டருக்குள் சில துளி விடுவது என் வேலை, பற்றிக்கொண்டதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்கிற அமுக்க விகிதம் 7ஐ ஒட்டி, கேம் படு சாது, ஆகவே அந்தக் கொடுமையையும் பொறுத்துக்கொண்டது. இப்போதைய 10க்கு மேற்பட்ட விகிதத்தில் அதைச் செய்தால் பிஸ்டன் உடைந்து கையில் வரும். அந்த விகிதத்தில் வெயில் நாளில் 92 ஒக்டேன் பெற்றோலுக்கே தட்டும் சத்தம் கேட்கலாம், 95 அடியுங்கள்.

இன்னொன்று. பெற்றோல் குழாயில் காந்தம் கட்டினால் வலு கூடும் என்று யாராவது விற்க வந்தால் வாங்க வேண்டாம். பெற்றோலைக் காந்தம் அடுக்கி வைக்காது. சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அது மலிவு. இந்தப் பொய்யெல்லாம் விலைபோவதே வலுவை அளந்து பார்க்க நம்மிடம் வழி இல்லாததால்தான். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கே இஞ்சின் வலு அளக்கும் மேடை ஒன்றுக்குப் பணம் ஒதுக்கி, வாரத்தில் ஒருநாள் கராஜ்காரருக்குத் திறந்துவிட்டால், பத்து விழிப்புணர்வுக் கருத்தரங்கின் பணம் மிச்சம்.

மச்சானுக்கும் ஒரு வார்த்தை. மூர்க்கமான கேமில் வெளியேற்றும் வால்வும் உள்ளெடுக்கும் வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் கூட. வேகத்தில் அது நல்லது, போகிற புகை புதுக்காற்றை இழுத்துவிடும். நின்ற இடத்தில் புகை திரும்ப உள்ளே வந்து கலவையைக் கெடுக்கும். எல்லோரும் காது கொடுத்துக் கேட்கிற அந்தக் "கடக் கடக்" அதுதான், அழகான சத்தம், ஆனால் கோளாறின் சத்தம். அப்போது இஞ்சினின் வெற்றிடம் குறையும், பிறேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டர் உயிர்வாழ்வது அந்த வெற்றிடத்தில். ஆகவே ஸ்டாட் பண்ணி, நின்ற இடத்திலேயே பிறேக்கை அடுத்தடுத்து மூன்று தரம் மிதிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது மிதி கல்லுப்போல இருந்தால் றோட்டுக்கு இறக்க முதல் வெற்றிடப் பம்ப் ஒன்றுக்குக் காசு எடுத்து வைக்கட்டும்.