டைல்ஸுக்குப் பின்னால் மறையும் ஷவர் மிக்ஸர்

குளியலறைச் சுவரில் ஒரு தட்டும் கைப்பிடியும் மட்டும் வெளியே தெரிய, மற்றவை எல்லாம் டைல்ஸுக்குப் பின்னால் மறைந்திருக்கும் அமைப்பைத்தான் நம் ஊர் பிளம்பர்கள் ‘கன்சீல்டு டைவர்ட்டர்’ என்கிறார்கள். வெந்நீரையும் தண்ணீரையும் கலப்பது, கலந்த நீரைத் தலைக்கு மேலுள்ள ஷவருக்கோ கீழேயுள்ள குழாய்க்கோ திருப்பிவிடுவது ஆகிய இரண்டு வேலைகளையும் ஒரே பித்தளை உடல் செய்கிறது. கடையில் கைப்பிடியின் பளபளப்பைப் பார்த்து வாங்குகிறோம். ஆனால் அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது பெரும்பாலும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் அது சுவரில் எப்படிப் பதிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

கலக்கும் வேலை நடக்கும் இடம் கார்ட்ரிஜ் என்னும் சிறிய உருளை. பொதுவாக 35 அல்லது 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள அதற்குள், அலுமினா பீங்கானால் ஆன இரண்டு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தியபடி இருக்கின்றன. அசையாத வட்டில் வெந்நீர் வர ஒன்று, தண்ணீர் வர ஒன்று, கலந்த நீர் வெளியேற ஒன்று என மூன்று துளைகள் உள்ளன. கைப்பிடியோடு நகரும் வட்டில் ஒரு குழிவு உள்ளது. கைப்பிடியைத் தூக்கினால் அக்குழிவு துளைகளின்மேல் நகர்ந்து வழி திறக்கிறது. பக்கவாட்டில் திருப்பினால் ஒரு துளை அகலமாகத் திறக்க, மற்றது குறுகுகிறது. ரப்பர் வாஷர் இல்லாமலே இவ்வட்டுகளுக்கிடையே நீர் கசியாததற்குக் காரணம், அவற்றின் முகங்கள் மைக்ரான் கணக்கில் சமதளமாக மெருகேற்றப்பட்டிருப்பதே. அந்த நுட்பமே அதன் பலவீனமும்கூட: ஒரு மணல் துகள் இடையில் சிக்கினாலும் சொட்டத் தொடங்கிவிடும். எனவே குழாய்களில் தங்கிய மணலையும் சிமெண்டுத் தூளையும் நீரை ஓடவிட்டு வெளியேற்றிய பிறகே கார்ட்ரிஜைப் பொருத்த வேண்டும்.

கைப்பிடி வெப்பநிலையை நிர்ணயிப்பதில்லை, துளைகளின் திறப்பை மட்டுமே நிர்ணயிக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கீசரில் 60 பாகை செல்சியஸ் வெந்நீரும் தொட்டியில் 28 பாகை நீரும் இருந்தால், 40 பாகையில் குளிப்பதற்கு ஒவ்வொரு 100 லிட்டரிலும் 37.5 லிட்டர் வெந்நீர் வேண்டும். மலையூர் ஒன்றில் தொட்டி நீர் 12 பாகையாக இருக்கும் காலையில் அது 58 லிட்டருக்கு மேல் போய்விடும். இந்த விகிதம் நிலையாக இருக்க இரு குழாய்களிலும் அழுத்தம் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்கு மட்டும் பிரஷர் பம்ப் வைத்தால், அழுத்தம் மிகுந்த தண்ணீர் மிக்ஸர் வழியாகவே வெந்நீர்க் குழாய்க்குள் ஏறிவிடும். கைப்பிடியைப் பெரும்பகுதி வெந்நீர்ப் பக்கம் திருப்பினாலும் போதிய சூடு வராது. பம்பிலிருந்து வரும் ஒரே குழாயைப் பிரித்துக் கீசருக்கும் தண்ணீர்ப் பக்கத்துக்கும் கொடுப்பதே முறை.

பம்ப் இல்லாத வீட்டில் அழுத்தம் எவ்வளவு கிடைக்கும்? ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 0.1 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). தரைத்தள வீடு ஒன்றின் மொட்டை மாடி 3 மீட்டரிலும், அதன்மேல் தொட்டியின் மேடை 1 மீட்டரிலும், தொட்டியில் நீர் அரை மீட்டரிலும் இருந்தால், 2.1 மீட்டர் உயரத்திலுள்ள ஷவருக்குக் கிடைப்பது 0.24 பார்தான். அகலமான மழை ஷவர்கள் பலவும் 1 பார் அளவை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டவை. ஆகவே மாதிரியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது.

பதிப்பதில் மிகக் கடினமானது ஆழம். உடலை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையில் குறைந்தபட்ச, அதிகபட்சக் கோடுகள் இருக்கும். டைல்ஸின் முகம் அவற்றுக்கு இடையில் வந்து நிற்க வேண்டும். ஆனால் பிளம்பர் உடலைப் பொருத்தும் நாளில் அங்கே டைல்ஸும் இல்லை, பூச்சும் இல்லை. வெறும் செங்கல் சுவர்தான். பூச்சு 15, ஒட்டும் பசை 5, டைல்ஸ் 10 என்றால் முகம் செங்கலிலிருந்து 30 மில்லிமீட்டர் முன்னே வரும். பசைக்குப் பதிலாகக் கொத்தனார் 20 மில்லிமீட்டர் சிமெண்டுக் கலவையில் ஒட்டினால் அதுவே 45 ஆகிவிடும். பூச்சின் தடிமனைக் குறிக்கும் புள்ளிகளைக் கொத்தனார் முதலில் வைத்த பிறகு, அவற்றின்மேல் நேர்க்கட்டையைச் சார்த்தி, பசைக்கும் டைல்ஸுக்கும் உரிய தடிமனைக் கூட்டி, ரசமட்டம் பார்த்து உடலை நிறுத்தினால் இந்தச் சிக்கல் எழாது. உடல் சற்று உள்ளே போய்விட்டால் நீட்டிப்புத் துண்டு வாங்கிச் சமாளிக்கலாம். வெளியே துருத்திவிட்டாலோ டைல்ஸை உடைப்பதைத் தவிர வழியில்லை. நாலரை அங்குலச் சுவரில் இடம் குறைவு. குறுக்கே நீளமாகக் காடி வெட்டினால் சுவரே பலவீனமாகும் என்பதால் குழாய்களை மேலிருந்து கீழாகக் கொண்டுவர வேண்டும்.

வெந்நீர்ப் பக்கத்துக்குச் சாதாரண பிவிசி குழாய் ஆகாது, சூடு தாங்கும் சிபிவிசி வேண்டும். அதுவும் சூட்டில் நீளும்: 3 மீட்டர் குழாய் 35 பாகை சூடேறினால் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். காடியில் நேரடியாகச் சிமெண்டை அடைத்து இறுக்காமல் நுரை உறை சுற்றினால் நீள இடம் கிடைக்கும், சூடும் சுவருக்கு அதிகம் போகாது. பித்தளை உடலோடு சேரும் இடத்தில் பித்தளை மரை பதித்த இணைப்பையே பயன்படுத்த வேண்டும்; பிளாஸ்டிக் மரையில் டேப்பை அதிகம் சுற்றி முறுக்கினால் அது விரிந்து வெடிக்கும்.

காடியை மூடுவதற்கு முன் ஷவர், குழாய் வாய்களை பிளக்கால் அடைத்து, கீசருக்கான இரு முனைகளையும் ஒரு குழாயால் இணைத்து, மிக்ஸரைத் திறந்துவைத்துக் கைபம்பால் அழுத்தம் ஏற்ற வேண்டும். உள்ளிருக்கும் காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகே அழுத்த அளவியை நம்பலாம். நீர் அனேகமாகச் சுருங்காது என்பதால் ஒரு சில துளி கசிந்தாலும் முள் இறங்கிவிடும். காற்று தங்கியிருந்தால் அது விரிந்து கசிவை ஈடுகட்டி முள்ளை நிறுத்திவைக்கும். சுவருக்குள் போகும் ஒட்டுகளுக்கு இந்தச் சோதனைதான் கடைசி வாய்ப்பு. கார்ட்ரிஜுக்கு அந்தக் கவலை இல்லை. உப்புப் படிந்து இறுகிவிட்டால் தட்டைக் கழற்றி முன்பக்கமாகவே மாற்றிவிடலாம்.

இறுதியில் தட்டின் விளிம்பில் சிலிக்கான் பூசும்போது மேற்பக்கமும் இரு பக்கங்களும் போதும், அடியில் ஒரு சிறு இடைவெளி விட வேண்டும். உள்ளே கார்ட்ரிஜ் கசிந்தால் அந்த நீர் சுவருக்குள் ஊறாமல் அவ்வழியே டைல்ஸின் மேல் வழிந்து கண்ணில் படும்.