அமெரிக்க நிலக்கரிச் சுரங்கம்: குழியை மூடும் திட்டத்தில் அதிகாரிகள் எதைச் சரிபார்க்கிறார்கள்?

திறந்தவெளிச் சுரங்கம் தோண்ட அனுமதி கேட்பவர், கடைசியில் அந்தக் குழியை எப்படி மூடுவார் என்பதை விண்ணப்பத்திலேயே வரைந்து காட்ட வேண்டும். அமெரிக்காவில் 1977-ல் வந்த மேற்பரப்புச் சுரங்கச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. பெரும்பாலான நிலக்கரி மாநிலங்களில் மாநிலத் துறையே பரிசீலிக்கிறது. மத்திய நிலமீட்பு அலுவலகம் அதை மேற்பார்வையிடுகிறது. சொந்த ஒழுங்குமுறைத் திட்டம் இல்லாத மாநிலங்களில் அந்த அலுவலகமே நேரடியாக அனுமதி வழங்குகிறது.

அடிப்படை விதி ஒன்றுதான்: நிலம் ஏறத்தாழப் பழைய அமைப்புக்குத் திரும்ப வேண்டும். அடிக்கு அடி அதே உயரம் தேவையில்லை. ஆனால் மேடு பள்ளங்களின் பொதுவான போக்கு பழையபடி இருக்க வேண்டும், மழைநீர் சுற்றுப்புற ஓடைகளோடு இயல்பாகச் சேர வேண்டும். வெட்டியதால் நின்ற செங்குத்துப் பாறைச் சுவர், கொட்டிய மண்குன்றுகள், பெரும் பள்ளங்கள் எதுவும் மிஞ்சக் கூடாது. ஈரம் காக்கவும் செடி வளரவும் உதவும் சிறு பள்ளங்களை மட்டும் அனுமதிக்கலாம்.

பரிசீலனை மண் கணக்கில் தொடங்குகிறது. பல திட்டங்கள் சறுக்குவதும் இங்கேதான். தோண்டிய மண்ணை அதே குழியில் போட்டால் மிஞ்சும் என்பது கிணறு வெட்டிய எவருக்கும் தெரியும். 80 அடி மண்ணுக்கும் பாறைக்கும் கீழே 4 அடி நிலக்கரி இருக்கிறது என்று வையுங்கள். மண் படிந்த பிறகும் 20 சதவீதம் உப்பி நின்றால் 80 அடி 96 அடியாகிவிடும். பழைய உயரமோ 84 அடி. மிச்சம் 12 அடி மண் எங்கே போகும்? மேற்கு மாநிலமான வயோமிங் பக்கம் கதை தலைகீழ். 100 அடி மண்ணுக்குக் கீழே 70 அடி நிலக்கரி இருந்தால், உப்பிய மண்ணைச் சேர்த்தாலும் 120 அடிதான் வரும். 50 அடி குறையும். அப்படிப்பட்ட இடத்தில் கிடைக்கும் மண் முழுவதையும் போட்டு, முடிந்த அளவு குறைந்த சரிவாக அமைக்க விதி இடம் தருகிறது.

ஆகவே அதிகாரி முதலில் பார்ப்பது அந்த உப்பல் சதவீதத்தை. தரையைத் துளையிட்டுப் பார்த்த பதிவில் கடினமான மணற்பாறை என்றிருக்க, களிமண்ணுக்கான எண்ணைப் போட்டிருந்தால் திட்டம் திரும்பி வரும். அடுத்து, சம உயரக் கோட்டு வரைபடத்தையும் குறுக்குவெட்டுகளையும் (நிலத்தைச் செங்குத்தாக அறுத்துப் பார்த்தாற்போன்ற படங்கள்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். வரைபடத்தில் 1,240 அடி என்று ஓடும் கோடு குறுக்குவெட்டில் அதே இடத்தில் 1,225-இல் வெட்டினால், இரண்டில் ஒன்று தவறு. இந்த ஒப்பீடு சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்க்கவே கூடாது.

சரிவு நிலைக்குமா என்பது அடுத்த கேள்வி. நிரப்பிய மண்ணின் நீண்டகாலப் பாதுகாப்பு எண், அதாவது சரியாமல் தாங்கும் வலிமைக்கும் சரிய வைக்கும் விசைக்கும் உள்ள விகிதம், குறைந்தது 1.3 இருக்க வேண்டும். வழக்கமான பிழைகள் இரண்டு: வேறொரு சுரங்கத்தின் மண் வலிமை எண்களை அப்படியே எடுத்துப் போடுவது, நிரப்பிய மண்ணுக்குள் தண்ணீரே ஏறாது என்று வைத்துக் கணக்குப் போடுவது. 20 டிகிரிக்கு மேல் செங்குத்தான மலைச்சரிவில் தோண்டிய மண்ணைக் கீழ்ச்சரிவில் தள்ளிவிடக் கூடாது. குழிக்குள் அடங்காத மிச்ச மண்ணைத் தனி இடத்தில் கொட்டினால் பாதுகாப்பு எண் 1.5 ஆக உயர்கிறது. அங்கே பொதுவாக 4 அடிக்கு மேற்படாத அடுக்குகளாகப் போட்டு இறுக்க வேண்டும்.

கந்தகம் கலந்த பைரைட் பாறை காற்றும் நீரும் பட்டால் அமில நீராக வடியும். கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் பல ஓடைகள் துருச் சிவப்பாக ஓடுவது இதனால்தான். எந்த அடுக்கில் அமிலம் உருவாகும், எதில் அதை முறிக்கும் சுண்ணாம்பு இருக்கிறது, இரண்டும் மூடிய குழிக்குள் எந்த ஆழத்தில் போகும் என்பதைக் குறுக்குவெட்டில் காட்ட வேண்டும். ‘தகுந்தபடி கையாளப்படும்’ என்ற ஒற்றை வரியை ஏற்கக் கூடாது. குழியின் சுவரில் தெரியும் நிலக்கரிப் படுகையையும் நச்சில்லாத, தீப்பிடிக்காத மண்ணால் மூட வேண்டும்.

மேற்பரப்பை வழவழப்பாக்குவது நல்ல வேலைபோலத் தோன்றும். ஆனால் காடு வளர்க்க வேண்டிய நிலத்தில் புல்டோசர் மீண்டும் மீண்டும் ஓடினால் மண் கல்லாக இறுகி, நட்ட கன்று வேர்விட முடியாமல் பட்டுவிடும். மரத்துக்கு ஏறத்தாழ 4 அடி ஆழம் தளர்ந்த மண் வேண்டும். அடியில் இறுக்கம், மேலே தளர்வு என்று திட்டம் பிரித்துச் சொல்கிறதா என்று பாருங்கள்.

விண்ணப்பம் பற்றிய அறிவிப்பு உள்ளூர் நாளிதழில் வாரம் ஒருமுறையாக நான்கு வாரம் வரும். கடைசி அறிவிப்பிலிருந்து 30 நாளுக்குள், பாதிக்கப்படக்கூடிய எவரும் ஆட்சேபம் எழுதலாம், கூட்டம் கேட்கலாம். பொதுவாக எதிர்ப்பதைவிட, குறுக்குவெட்டு எண்ணையும் அதிலுள்ள பிழையையும் குறிப்பிட்டு எழுதினால் பதில் சொல்லாமல் தப்ப முடியாது.

அனுமதிக்கு முன் நிறுவனம் பிணைத்தொகை கட்ட வேண்டும். நிறுவனம் கைவிட்டால் அரசே வேலையை முடிக்க எவ்வளவு ஆகுமோ அந்தத் தொகை. 10,000 டாலருக்குக் குறையக் கூடாது. குழியை நிரப்பிச் சமன்செய்து வடிகாலும் அமைத்து முடித்ததும் அதில் 60 சதவீதம் வரை விடுவிக்கலாம். பெரும்பகுதி பணம் அப்போதே கைவிட்டுப் போகிறது. அந்த ஆய்வு நடக்கும் நாளை நில உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் உடன் வரலாம். நீங்கள் அந்த உரிமையாளர் என்றால், தவறாமல் போங்கள். அனுமதிக்கப்பட்ட வரைபடத்தோடு போய், பழைய பாறைச் சுவர் நின்ற உச்சியில் முதலில் பாருங்கள். நிரப்பிய மண் படிந்து இறங்கினால் சுவரின் மேல்விளிம்பு அங்கேதான் மறுபடி தலைகாட்டும்.